யார் வீட்டு நாய் இது?

(டெங்கில் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவார், வீட்டைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் நாய். சங்க மேடையில் நாய்ப் பேச்சா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரித்து முடியுங்கள், பிறகு கேளுங்கள். இது நம் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய பேச்சு. நம் மானத்தைப் பற்றிய பேச்சும்கூட.

நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். லயத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. காலையில் இருட்டோடு பெரட்டுக் களத்துக்கு வரும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகும் பெண்களோடு நிரை வரைக்கும் துணை போகும். பாம்பு கிடந்தால் குரைக்கும். பன்றி நின்றால் விரட்டும். மத்தியானம் ஒரு வீட்டில் சோறு, சாயங்காலம் இன்னொரு வீட்டில் மீன் தலை. ஆபீசு வாசலிலும் அதற்குப் பங்கு உண்டு. நாம் பசியாறும் ரொட்டியில் ஒரு துண்டை அதற்குப் போடாத நாள் இல்லை.

ஒரு நாள் அந்த நாய் ஆறு வயதுப் பெண் குழந்தையின் கெண்டைக் காலைக் கடித்துவிட்டது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு ஓடி வந்தாள். "ஐயா, இதை யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றாள். குழந்தையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாம் விபத்துப் புத்தகத்தை எடுத்தோம். பேர், வயது, இடம், நேரம் எல்லாம் எழுதியாயிற்று. நாயின் சொந்தக்காரர் யார் என்று எழுத வேண்டும். லயத்துக்குப் போய் விசாரித்தோம்.

"எங்கள் வீட்டில் படுக்கும், ஐயா. ஆனால் எங்கள் நாய் இல்லை" என்றார் ஒருவர். "சோறு வைப்பது உண்மைதான். அது பாவம் பார்த்து வைக்கிற சோறு" என்றார் இன்னொருவர். ஐந்து வீட்டில் கேட்டோம். ஐந்து வீட்டிலும் ஒரே பதில். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் நமக்கே உறைத்தது. ரொட்டி போட்ட ஆறாவது ஆள் நாம் அல்லவா? நாம் என்ன எழுதினோம் தெரியுமா? "சொந்தக்காரர்: இல்லை." நம் கையாலேயே எழுதினோம்.

குழந்தைக்கு ஊசி போட்டார்கள், காயம் ஆறியது. நாய்க்கு என்ன ஆயிற்று? மூன்றாம் நாள் காலையில் நாய் பிடிப்போர் வந்தார்கள். மற்ற நாய்கள் ஓடிப் போயின. அந்தக் கறுப்பு நாய் ஓடவில்லை. மனிதன் என்றால் சோறு போடுகிறவன் என்று நாம்தானே அதற்குப் பழக்கினோம்? வாலை ஆட்டிக்கொண்டு அவர்களிடம் போயிற்று.

தோழர்களே! கண்ட்ராக்ட் ஆள் ஒருவன் வேலையில் அடிபட்டால் நாம் எங்கே போய் நிற்கிறோம்? கம்பெனியைக் கேட்டால், "அவன் கண்ட்ராக்டர் ஆள்" என்று பதில் வரும். கண்ட்ராக்டரைக் கேட்டால், "வேலை கம்பெனி வேலை" என்று பதில் வரும். உழைப்பை வாங்கும்போது இருவருக்கும் அவன் சொந்தம்; காயம் பட்டதும் இருவருக்கும் அவன் அந்நியன். "அவன் எங்கள் ஆள் அல்ல" என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நாம் எத்தனை முறை மேசையைத் தட்டியிருக்கிறோம்! அதே சொல்லைத்தான் அன்று ஐந்து வீட்டாரும் சொன்னார்கள். நாமும் எழுதினோம். நாயும் மனிதனும் சமம் என்று சொல்ல வரவில்லை. பலனை அனுபவித்துவிட்டுப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பேச்சு, யார் வாயிலிருந்து வந்தாலும் ஒரே பேச்சுதான் என்கிறோம்.

இந்த டெங்கில் வட்டாரத்தில் இது புதிய சங்கதி அல்ல. 1990-களில் புத்ராஜெயா நகரம் எழும்பியபோது பெராங் புசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களின் மக்கள் லயங்களை விட்டு, டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்கு மாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நல்ல தரை வீடு வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக் கணக்கில் போராடிய கதை உங்களுக்குத் தெரியும். நாம் பிறந்த தோட்டம் அவற்றில் ஒன்றன்று. ஆனாலும் நமக்கும் அதே கதிதான் வந்தது. லயத்தை உடைத்தபோது நமக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

லோரி வந்து நின்றது. தகர அலமாரி ஏறிற்று, தையல் மிஷின் ஏறிற்று, சாமிப் படம் ஏறிற்று. கோழிகளைக்கூடக் கூடையில் போட்டு ஏற்றினார்கள். ராஜா என்று ஒரு நாய். அதற்கு மட்டும் இடம் இல்லை. "மாடி வீட்டில் நாய் வைக்க முடியாது. அது சோறு தேடிக்கொள்ளும்" என்றார் அப்பா. செம்மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் வரைக்கும் அது லோரியின் பின்னாலேயே ஓடி வந்தது. ஒரு வாரம் கழித்து அப்பா மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தார். சுவர் இல்லை, கூரை இல்லை. மிஞ்சிக் கிடந்த படிக்கட்டில் அது படுத்திருந்ததாம். அன்று இராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அவரை நாம் குறை கூறவில்லை. தனக்கே இடம் இல்லாத மனிதன் நாய்க்கு எங்கே இடம் தேடுவான்? ஆனால் அந்த நாயை எடுத்துக்கொள்ளும்படி பக்கத்துக் கம்பத்தில் ஒரு சீனக் குடும்பத்தைக் கேட்டிருக்கலாம். ஒரு மாதம் முன்னதாக யோசித்திருந்தால் வழி பிறந்திருக்கும். நாம் யாருமே யோசிக்கவில்லை.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை கேட்டவர்கள் நாம். தருமன் கடைசிப் பயணம் போனபோது தம்பிகள் விழுந்தார்கள், திரௌபதி விழுந்தாள். ஒரு நாய் மட்டும் கூடவே வந்தது. இந்திரன் தேரைக் கொண்டுவந்து, "நாயை விட்டுவிட்டு ஏறு" என்றான். நம்பி வந்ததைக் கைவிட்டு விட்டுச் சொர்க்கமும் வேண்டாம் என்று தருமன் மறுத்தான். தேரில் ஏற அவன் மறுத்தான். நாமோ லோரியில் ஏறிவிட்டோம்.

கைவிட்ட நாய் என்ன ஆகும் என்பதற்குக் கிள்ளான் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் பூலாவ் கெத்தாம், நண்டுத் தீவு என்று ஒரு மீனவர் ஊர். அங்கே தெரு நாய்த் தொல்லை அதிகமாயிற்று. 2009-ல் ஊரார் சுமார் 300 நாய்களைப் பிடித்து, மனிதர் இல்லாத சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். கொல்வது பாவம் என்று நினைத்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தீவில் சோறு இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பசி தாங்காத நாய்கள் செத்த நாயைத் தின்றன. மிருக நேயர்கள் படகில் போய்ச் சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அந்த ஊரார் நம்மைவிடக் கொடியவர்களா? இல்லை. அவர்களும் நம்மைப் போல, "இது எங்கள் நாய் அல்ல" என்று ஆண்டுக் கணக்கில் சொல்லி வந்தவர்கள். முந்நூறு நாய்கள் ஒரே இராத்திரியில் முளைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய்க்குச் சினைக் காலம் ஏறக்குறைய 63 நாள். ஓர் ஈற்றில் நாலு குட்டி, ஆறு குட்டி. பெட்டைக் குட்டி ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் தானும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பெட்டை நாயை நாம் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் லயமே நாய்க்காடாகிவிடும். அப்போது துப்பாக்கியும் கண்ணியும் வரும். அவை வந்த பிறகு "ஐயோ பாவம்" என்பதில் பயன் இல்லை.

இனி வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், அறிகுறி தெரிந்த பிறகு அனேகமாக யாரையும் உயிரோடு விட்டதில்லை. மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்கு 99 பங்கு நாய்க் கடியால்தான். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஆசியா, ஆப்பிரிக்காவின் ஏழைகள். பத்தில் நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

1885-ல் பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். நம் தமிழ் நாட்டில் நீலகிரிக் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. மருந்து கிடைத்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே இன்றைக்கு ஒருவன் இந்நோயால் சாகிறான் என்றால், மருந்து அவனிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

நம் நாட்டில் 1952-ல் இந்நோய் பரவியது. அவசர காலம், லயங்களைச் சுற்றி முள்கம்பி இருந்த காலம். அப்போது நாய்களுக்குக் கட்டாயமாக ஊசி போட்டார்கள். ஊசி போடாமல் அலைந்த நாய்களைக் கொன்றார்கள். பிறகு வடக்கே சயாம் எல்லையோரம் நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு தடுப்பு வளையத்தை ஏற்படுத்தினார்கள். 2012-ல் மலேசியா இந்நோய் அற்ற நாடு என்ற பெயரையும் பெற்றது. அந்தப் பெயர் மூன்றே ஆண்டுதான் நிலைத்தது. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் தலைகாட்டியது. 2017-ல் சரவாக்கில் புகுந்தது. செரியான் பகுதியில் முதலில் பலியானவர்கள் சிறு பிள்ளைகள். அதற்குப் பின்னும் சரவாக்கில் பல உயிர்கள் போயின. டெங்கிலுக்கு வந்துவிட்டது என்று நாம் பீதி கிளப்பவில்லை. வந்தால் முதலில் அது தேடும் இடம், யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள் திரியும் லயமாகத்தான் இருக்கும் என்கிறோம். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

நாய் கடித்தால் என்ன செய்வது? மஞ்சள் வைக்காதீர்கள், காப்பித் தூள் அப்பாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டு, முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். உடனே கிளினிக்குக்குப் போங்கள். கடித்தது குட்டிதானே, கீறல்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள். அந்த நாயை அடித்துக் கொன்றுவிடவும் வேண்டாம். பத்திரமாக அடைத்து வைத்துப் பத்து நாள் கவனித்தால்தான் அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்பது தெரியும். யார் வீட்டு நாய் என்று தெரிந்தால் இது சுலபம். தெரியாவிட்டால் எந்த நாயைப் பிடித்து அடைப்பது?

ஆகையால் தோழர்களே, நாம் சொல்ல வந்தது ஒன்றே. நாய்க்கும் ஒரு செக்ரோல் வேண்டும். செக்ரோலில் பேர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை, மருந்து இல்லை, கேட்க நாதி இல்லை. அதுபோல் ஒரு வீட்டின் பேரில் பதியாத நாய்க்கு ஊசி இல்லை, வில்லை இல்லை. முடிவில் துப்பாக்கிதான் உண்டு. சோறு போட்டால் மட்டும் போதாது. "இது என் நாய்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்னவன் செய்ய வேண்டிய காரியங்கள் சில.

முதலாவது, லைசென்சு. நாம் இருக்கும் செப்பாங் மாவட்டத்தில் நகராண்மைக் கழகத்தைக் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம், கட்டணம் என்ன என்று அங்கே சொல்வார்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் ஆபீசுக்கு வாருங்கள். கிராணிமார் எதற்கு இருக்கிறோம்? கழுத்தில் வில்லை தொங்கும் நாய்க்கு ஒரு வீடு உண்டு என்று பார்த்தவுடனே தெரியும்.

இரண்டாவது, ஊசியும் பூச்சி மருந்தும். குட்டி பிறந்து ஆறு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி; பிறகு மிருக வைத்தியர் சொல்லும் தவணைப்படி. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்காத நாய், பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் முற்றத்தில் அந்தப் பூச்சியை விதைக்கிறது.

மூன்றாவது, குட்டி போடாதபடி அறுவை செய்வது. இதைப் பாவம் என்று நம் பாட்டிமார் நினைக்கிறார்கள். கண் திறவாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றோரம் விடுவதைவிட இதில் என்ன பாவம்? சிலாங்கூர் மிருக வதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் இருந்து வருகிறது. குறைந்த செலவில் இந்த அறுவையைச் செய்வதற்கென்றே அச்சங்கத்தார் ஒரு கிளினிக் ஏற்படுத்தினார்கள். தனியாளாகப் போக வசதி இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள். சேர்ந்து செய்வதுதானே சங்கம்?

நாலாவது, கட்டும் வேலியும். இராத்திரி பகல் ஒரு முழச் சங்கிலியில் கிடக்கும் நாய் குணம் கெட்டுப் போகும். அது காவல் காக்காது, கடிக்கும். வேலி போடுங்கள். முடியாதவர்கள் நீளமான கயிற்றில், நிழலில், தண்ணீர் வைத்துக் கட்டுங்கள். வெளியே கொண்டுபோனால் கையில் வார் இருக்கட்டும். 2015-ம் ஆண்டு மிருக நலச் சட்டப்படி உணவு, இடம், வைத்தியம் எல்லாம் சொந்தக்காரன் கடமை. கொடுமை செய்தவனுக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம்மில் யாரிடம் இருக்கிறது அந்தப் பணம்?

ஐந்தாவது, அண்டை வீட்டார். இதை அழுத்திச் சொல்லுகிறோம். நம் பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. லயங்களில் வங்காள தேசத் தோழர்களும் இந்தோனேசியத் தோழர்களும் இருக்கிறார்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் மலாய்க் குடும்பத்தார் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்த மனிதன் நம் நாயால் அந்தச் சிரமப்பட வேண்டுமா? அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று வீண் பேச்சுப் பேசாதீர்கள். இஸ்லாத்திலும் தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவன் மன்னிக்கப்பட்ட கதை உண்டு. அவர்கள் கேட்பது மரியாதை. தொழுகைக்குப் போகும் வழியில் நாயை அவிழ்த்து விடாதிருப்பது நம் மரியாதை. சின்ன நாய்ச் சண்டை சாதிச் சண்டையாகவும் மதச் சண்டையாகவும் மாறினால் தொழிலாளர் ஒற்றுமை போய்விடும்; அதில் யாருக்கு லாபம் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுக்கு மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிறருக்குத் தொல்லையாக இருக்கும் மிருகத்தை வைத்துக்கொள்ள மாடிக் கட்டட விதிகள் இடம் கொடுப்பதில்லை. நிர்வாகம் எழுத்து மூலம் சொன்னால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். ஆகவே குட்டி அழகாயிருக்கிறது என்று பிள்ளைகள் அழுவதற்காகத் தூக்கி வராதீர்கள். வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்து நாய் வளர்க்காமல் இருப்பவனும் பொறுப்புள்ளவன்தான்.

கடைசியாக, மூன்று காரியங்களை இந்தக் கூட்டம் தீர்மானமாக ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று: ஒவ்வொரு லயத்திலும் உள்ள நாய்களை வீட்டு எண்ணோடு பதியும் புத்தகம் ஒன்று, அதை எழுதும் வேலை நம்முடையது. இரண்டு: வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து ஊசி போடும்படி கால்நடை இலாகாவுக்குச் சங்கத்தின் பேரில் மனு. மூன்று: கித்தா மரம் விழுந்து தோட்டம் கைமாறும்போதும், வீடு மாற்றும் பேச்சு வரும்போதும், வளர்ப்புப் பிராணிகளுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கட்டும். அடியில் ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

போன வாரம் ஆபீசு வாசலில் ஒரு செவலைக் குட்டி வந்து நின்றது. ரொட்டியைப் பிய்த்த கை நடுவில் நின்றுவிட்டது. வீட்டுக்காரியைக் கேட்டோம்; வேலி இருக்கிறதா என்று பார்த்தோம்; வைத்தியரிடம் கொண்டுபோனோம். அதற்குப் பிறகுதான் ரொட்டி போட்டோம். புதுப் புத்தகத்தில் முதல் வரி எழுதியாகிவிட்டது. சொந்தக்காரர் என்ற கட்டத்தில் இந்தத் தடவை நம் பேர் இருக்கிறது. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. யார் எழுதப் போகிறீர்கள்?